அம்மாவின் வயிற்றுக்கு ஒரு சான்றிதழ்

ஆம்புலன்ஸில் ஏறும்போது அப்பா அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். காப்பீட்டு அட்டை, குடியிருப்பு அட்டை, அதோடு அது. பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்தார்.

"இது எதுக்குப்பா?"

"அம்மா வயிறு நல்லா இருக்குன்னு நகராட்சி குடுத்ததுல்ல? டாக்டரும் பாக்கட்டும்."

எதிரே படுக்கையில் அம்மா சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தாள். எங்கள் சாப்பாட்டுக் கடையில் மதியக் கூட்டம் முடிகிற நேரத்தில், தந்தூரி அடுப்புக்குள் ரொட்டியை ஒட்டக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கையில் மாவு இன்னும் காயவில்லை. நான் அப்பா கையிலிருந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்காகக் கலங்குகிறேன் என்று நினைத்து ஆம்புலன்ஸ்காரர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

எங்கள் வீட்டில் தபால் படிப்பது என் வேலை. பஞ்சாபின் ஹோஷியார்பூரிலிருந்து ஜப்பானுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு "வாங்க", "நன்றி", "காரம் எவ்வளவு" மூன்றும் சொல்லத் தெரியும். அம்மாவுக்கு அதில் இரண்டு. மீதிக்கெல்லாம் தலையாட்டல். "எங்க நவ்ரூப் வாயைத் திறந்தா ஜப்பான்காரனே தோத்துருவான்" என்று சாப்பிட வருகிறவர்களிடம் அப்பா பஞ்சாபியில் சொல்வார். புரியாமல் அவர்களும் தலையாட்டுவார்கள்.

ஒருமுறை ஆசிரியர் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்து, நான் கூடப்படிக்கும் பிள்ளைகளை இளக்காரமாக நடத்துகிறேன் என்று ஐந்து நிமிஷம் சொன்னார். "நல்லாப் படிக்கறாளாம்" என்று நான் ஒரே வரியில் சொன்னேன். அப்பா குனிந்து வணங்கி அவருக்கு ஒரு டப்பா சமோசா கொடுத்தார். அவ்வளவு பேச்சு ஒரு வரியில் எப்படி அடங்கும் என்று கேட்கக்கூடத் தோன்றாதவர்களிடம் வேறு எப்படி நடந்துகொள்வது?

போன செப்டம்பரில் நகராட்சியின் இலவசப் பரிசோதனை. நாற்பது வயது தாண்டியவர்கள் மலத்தைச் சின்னக் குழாயில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அம்மா வெட்கத்தில் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். "இதைக்கூடக் கேட்டு வாங்கற ஊரு இது ஒண்ணுதான்டி" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். செய்முறையைப் படித்துச் சொன்னது நான்தான்.

அக்டோபரில் பதில் வந்தது. ரத்தம் கலந்திருக்கிறது, உடனே குடல் பரிசோதனைக்கு வரவும்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"வயிறு சுத்தமா இருக்காம்."

அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. பள்ளிக்கூடமே போகாதவளுக்கு முத்திரை வைத்து வந்த முதல் சான்றிதழ். குருநானக் படத்துக்குப் பக்கத்தில் அவளே ஒட்டினாள். நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை. எட்டு மாதம் எல்லோர் கண்ணெதிரே அந்தச் சுவரில்தான் இருந்தது.

காரணம் சொல்கிறேன். பக்கத்து ஊரில் கடை வைத்திருந்த குல்வந்த் மாமாவின் மனைவிக்கு நோய் வந்ததும் ஒரே மாதத்தில் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். என்னோடு கணக்கில் போட்டி போட்ட அவர்கள் பெண் இப்போது எருமை குளிப்பாட்டும் படம் அனுப்புகிறாள். "அவன் செஞ்சதுதான் சரி. உடம்புக்கு ஒண்ணுன்னா நம்ம ஊருதான்" என்றார் அப்பா. எனக்கு பிப்ரவரியில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. நாலு மாதம்தானே, முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

டிசம்பரில் இரண்டாவது கடிதம் வந்தது. அதைக் குப்பை எடுக்க வரும் நாட்களின் அட்டவணை என்றேன். ஜனவரியில் சுகாதார நர்ஸ் போன் செய்தார். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, அம்மா பேசுவதுபோல் திக்கித் திக்கிப் பேசினேன். வேறு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நன்றி. "உடம்பைப் பாத்துக்கங்கம்மா" என்று அவர் நிம்மதியாக வைத்தார்.

தேர்வில் தேறினேன். உடனே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த வாரம் அப்பா எல்லா மேஜைக்கும் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சீருடை தைக்க வேண்டியிருந்தது. அப்புறம் பள்ளி திறந்துவிட்டது. அம்மா இளைத்தாள். "ரொம்பக் களைப்பா இருக்கு கண்ணு" என்றாள். பீட்ரூட் சாப்பிடச் சொன்னேன். அவளும் சாப்பிட்டாள். நான் சொல்வதெல்லாம் ஜப்பான்காரர்கள் சொன்னது என்று அவளுக்கு நினைப்பு. தன் உடம்பைப் பற்றி மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவளை என்ன சொல்வது.

அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. எட்டு மாதம் கவலையில்லாமல் வைத்திருந்தேன்.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் வந்தார். நடைபாதையில் போகிற நர்ஸுகளுக்கெல்லாம் வணக்கம் போட்டுக்கொண்டிருந்த அப்பா ஓடிவந்து உறையிலிருந்து தாளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

டாக்டர் படித்தார். தேதியைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இது வந்து எட்டு மாசம் ஆச்சே. இதுல என்ன எழுதியிருக்குன்னு அம்மாவுக்குத் தெரியுமா? அவங்ககிட்டயே கேட்டுச் சொல்லும்மா."

அப்பா தலையாட்டிச் சிரித்தார். அம்மா மெல்லக் கண்ணைத் திறந்து, மாவு காய்ந்த விரல்களால் என் கையைப் பிடித்தாள்.

"என்ன கண்ணு கேக்கறாங்க?"