ஐஸ் போட்ட அம்ரா தண்ணி

– என்ன செல்லம், தோலைச் சீவாமலேயே உரல்ல போடுறே?

– சீவக் கூடாது பஞ்சாலைக்கா. கோப்பிக் கடையில அம்ராக் காயைத் தோலோடதான் போடுறாங்க. அந்தப் பச்சை நிறமே தோலுலதான் இருக்கு. முள்ளு முள்ளா இருக்கிற வெதையை மட்டும் எடுத்துட்டா போதும். நீங்க உக்காருங்க.

– அன்னிக்கு லேபர் ஆபீசுக்குப் போயிட்டு வர்றப்ப கோலா பிலாவுல குடிச்சோமே, அதுதானே? ஒரு கிளாஸை மூணு பேரு குடிச்சோம். எனக்கு அந்த ருசி நாக்குலயே நின்னுபோச்சு லா. அதுக்கப்புறம் ரெண்டு தரம் வீட்டுல பண்ணிப் பார்த்தேன். ஒரே புளிப்பு. எங்க வீட்டுக்காரரு ஒரு வாய் குடிச்சிட்டு மீதியைப் பூச்செடிக்கு ஊத்திட்டாரு.

– அசாம் போய் போட்டீங்களா?

– அது என்னா?

– சீனக் கடையில பாட்டில்ல வச்சு விப்பாங்களே, செவப்பா, காஞ்சு போன பழம். உப்பும் புளிப்பும் இனிப்புமா இருக்கும். அதுல ரெண்டை முன்னாலேயே சுடுதண்ணியில ஊற வைக்கணும். சீனியைச் சும்மா அள்ளிப் போடக் கூடாது, காய்ச்சின பாகுதான் ஊத்தணும். கோப்பிக் கடை மொதலாளி தவுக்கே பொண்டாட்டி பண்ணுறதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

– பார்க்காம இருப்பியா. தெனமும் அந்தக் கடைக்குத்தானே போய் நின்னே. அதுக்கு வழி பண்ணிக் கொடுத்ததே நான்தான், தெரியுமா இல்லையா.

– தெரியும்க்கா. மறக்க முடியுமா.

– தோட்ட ஆபீசுக்காரனுங்க நம்ம லயத்துக்குக் கரண்டை வெட்டினானுங்க. மொதோ நாளே நீ வந்து அழுதே. உன் வீட்டுக்காரரு தங்கராஜுவுக்கு இனிப்பு நீரு, ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில வைக்காட்டி கெட்டுப் போயிடும்னு. நான்தான் மறுநாள் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயி, எனக்குத் தெரிஞ்ச அரைகுறை மலாயில அந்தத் தவுக்கே பொண்டாட்டிகிட்ட கெஞ்சி, அவங்க பெட்டியில ஒரு மூலை வாங்கிக் கொடுத்தேன்.

– அவரு உயிரைக் காப்பாத்துனீங்கக்கா. வடிகட்டியை இப்படிக் கொடுங்க.

– சக்கை நெறைய நிக்குது. கடையில மிஷின்ல அரைப்பாங்க, அதான் வழுவழுன்னு இருந்துச்சு.

– உரல்ல இடிச்சாலும் ரெண்டு தரம் வடிகட்டினா போதும். ருசி மாறாது.

– ஆமா, கரண்டு இருந்தால்ல மிஷினு. ஆறு வாரமாச்சு செல்லம். தோட்டத்தை வித்துட்டோம், காலி பண்ணுங்கன்னா நாம ஓடிருவோமா? ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுன்னு கேட்டோம். இல்லைன்னா லயத்தை விட்டு நகர மாட்டோம்னு முப்பத்தெட்டுக் குடும்பமும் மாரியம்மன் முன்னால சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்கோம். இருட்டுல போட்டா பயந்துருவோம்னு நெனச்சானுங்க. காலி பண்றோம்னு ஒரு குடும்பம் கையெழுத்துப் போட்டுச்சா?

– கொஞ்சம் இருங்கக்கா. அடுப்படிக்குப் போயிட்டு வந்துர்றேன்.

– என்னடி, அதுக்குள்ள எங்க போறே? இந்தப் பாகையும் நீயே ஊத்து, எனக்கு அளவு தெரியாது.

– வந்துட்டேன். இந்தாங்க, கிளாஸை நீட்டுங்க.

– அட, ஐஸ். எங்க புடிச்சே?

– கடையிலதான். காலையில அவரு இரவல் மோட்டார் சைக்கிள்ல போயிட்டு வந்தாரு. தவுக்கே கொடுத்தாரு.

– கொடு கொடு. இந்த ஆறு வாரத்துல ஐஸைக் கண்ணால பார்த்தது கடையில குடிச்ச அந்த ஒரு நாளுதான். ஆஹ், செல்லம். அப்படியே கடை ருசி லா. பல்லு கூசுது. உப்பு பின்னால வருது பாரு, அதுதான் என்கிட்ட இல்லாம போச்சு.

– நல்லா இருக்காக்கா?

– முத்துலெட்சுமிக்கு இதைக் கொடுக்கணும் போல இருக்கு. மாசமா இருக்கிறப்ப அம்ரா அம்ரான்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

– பேத்தியைப் போய்ப் பார்த்தீங்களா?

– எங்க போறது? பொறந்து எட்டு நாளாச்சு. தெமியாங்குல பெரிய மக பிள்ளை பெத்துக் கெடக்குறா, தாய்க்காரி நான் இங்க குந்திக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுக்காரருகிட்ட போகட்டான்னு கேட்டேன். நம்ம வீட்டுல நீ ரெண்டு நாள் இல்லாட்டி மத்தவங்க மனசு ஆடிப்போயிடும், கமிட்டித் தலைவன் பொண்டாட்டியே போயிட்டான்னு பேசுவாங்கன்னு சொல்லிட்டாரு. அவரு சொல்றதும் ஞாயந்தானே. யாரோ ஒரு மாமியார்க்காரிதான் என் மகளுக்குப் பத்தியம் ஆக்கிப் போடுறா. நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

– நல்லசாமி அண்ணனா அப்படிச் சொன்னாரு?

– அவருதான். ஏன் அப்படிப் பார்க்கிறே?

– ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?

– ஊத்து. இரு. இந்த ஐஸ் என்ன செல்லம் இப்படி இருக்கு?

– எப்படி இருக்கு?

– கடையில பெரிய பாளத்தைக் கம்பியால கொத்துவான். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, தூளு தூளா வரும். இது எல்லாம் ஒரே அளவா, நாலு மூலையும் கூர் மழுங்காம இருக்கு. கோலா பிலாவுல இருந்து முக்கா மணி நேரம். இந்த வெயில்ல மோட்டார்ல வந்த ஐஸா இது?

– மரத்தூளுல போட்டுக் கட்டிக் கொடுத்தாரு.

– மரத்தூளு எங்க? ஒரு பொடி ஒட்டலியே.

– கழுவினேன்க்கா.

– செல்லம், என் மூஞ்சியைப் பாரு. ஒன்பது பத்து நாளா நீ பஸ் ஸ்டாப்பு பக்கமே வரல. எனக்கும் மனசுல பட்டுச்சு. தங்கராஜுவுக்குத் தெனம் ரெண்டு நேரம் ஊசி. மருந்து கடையில இருக்கு. நீ போகல. அப்ப மருந்து எங்க இருக்கு?

– அக்கா.

– வழியை விடு. நான் அடுப்படியைப் பார்க்கணும்.

– வேணாம்க்கா. நீங்க பார்க்க வேணாம். ஓடுது. பெட்டி ஓடுது. அடுப்படி ஜன்னலைச் சாத்தி, மேல கம்பளியைப் போட்டு மூடி வச்சிருக்கேன், சத்தம் கேக்கக் கூடாதுன்னு.

– கரண்டு ஏது?

– கொடுத்தாங்க.

– ஆபீசுல கணக்கெழுதுற கிராணி சும்மா கொடுப்பானா?

– இல்லக்கா. அவரு கையெழுத்துப் போட்டுட்டாரு.

– சூடத்தை அணைச்ச கையால?

– அந்தக் கையாலதான். வந்து நடுராத்திரி வரைக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. ஒரு நாள் பஸ் வரல, மருந்து எடுக்க முடியல. ஊசி போடாம மயங்கி விழுந்தாரு, ஞாபகம் இருக்கா? நீங்கதான் மூஞ்சியில தண்ணி அடிச்சீங்க. மறுநாள் கிராணி கூப்பிட்டு அனுப்பினான். இதுல கையெழுத்துப் போடு, இன்னிக்கே ஒயர்மேனை அனுப்புறேன், காலி பண்ற வரைக்கும் கரண்டு இருக்கும்னான். எல்லாரும் ரப்பர் மரத்துல பால் வெட்டப் போயிருந்த நேரமாப் பார்த்து வந்து மாட்டிட்டுப் போனாங்க. ராத்திரியில லைட்டைப் போட்டுறாதே, தெரிஞ்சா மத்தவங்க சும்மா விட மாட்டாங்கன்னு கிராணியே சொல்லி அனுப்பினான்.

– அதான் உன் வீட்டுலயும் மண்ணெண்ணெ விளக்கு எரிஞ்சுச்சா? எங்களை ஏமாத்தவா?

– ஆமாக்கா.

– முந்தாநாள் ராத்திரி நீ என்கிட்ட வந்து அரை போத்தல் மண்ணெண்ணெ கடன் வாங்கினே. என் விளக்கு இருட்டா போனாலும் பரவாயில்லைன்னு ஊத்திக் கொடுத்தேன். பெட்டியில ஐஸை வச்சுக்கிட்டே வந்து என்கிட்ட கை நீட்டியிருக்கே.

– வாங்காட்டி உங்களுக்குச் சந்தேகம் வந்துருமேன்னு பயந்தேன்.

– என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது? ஏமாளியா, பைத்தியமா? மருந்துதான் வேணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே தெனம் பஸ் ஏறிப் போயி எடுத்தாந்து கொடுத்திருப்பேன். என் மகளைப் பார்க்கப் போகாதவ உன் புருஷன் மருந்துக்காகப் போயிருப்பேன்டி.

– போயிருப்பீங்க. எனக்குத் தெரியும்.

– தெரிஞ்சும் பண்ணினே. இந்த லயத்துல யாரு போனாலும் நீ போக மாட்டேன்னு நெனச்சேன். கூடப் பொறந்தவளா வச்சிருந்தேன். நெஞ்சு எரியுது செல்லம். நான் குடிச்ச தண்ணியை வாயில விரலை விட்டு வெளியே எடுக்கணும் போல இருக்கு.

– திட்டுங்கக்கா. நல்லாத் திட்டுங்க.

– திட்டி என்ன ஆகப் போகுது? ஒருத்தன் கையெழுத்துப் போட்டுட்டான்னு தெரிஞ்சா நாளைக்குப் பத்துப் பேரு ஆபீசு வாசல்ல நிப்பான். அப்புறம் யாருக்கு வீடு? சன்னாசிக்கு நாலு பொட்டப் பிள்ளைங்க. ராமசாமிக்கு ஒரு கண்ணு தெரியாது. அவங்க எங்க போவாங்க? செனாவாங்குல ஃபேக்டரிக்குப் பின்னால பலகை வீட்டுல கெடப்பாங்களா?

– நான் அதைத்தான் தெனமும் நெனச்சுக்கிட்டுப் படுக்கிறேன்.

– நல்லாத்தான் படுத்திருக்கே, ஃபேனைப் போட்டுக்கிட்டு.

– ஃபேன் போடலக்கா. அந்த மருந்துப் பெட்டியைத் தவிர எதையும் போடல. போட மனசு வரல.

– சாயங்காலம் கோயில்ல கூட்டம் இருக்கு. எல்லாரு முன்னாலயும் சொல்லப் போறேன். உன் வீட்டுக்காரரைச் சூடம் ஏத்தின எடத்துல நிக்க வச்சுக் கேக்கச் சொல்லப் போறேன். எங்க வீட்டுக்காரரு விட மாட்டாரு, உனக்குத் தெரியும்ல. மொதோ ஆளா சூடத்தை அணைச்சவரே அவருதான். உள்ளங்கை கொப்பளிச்சுப் போயி நான் மஞ்சள் வச்சுக் கட்டினேன்.

– பார்த்தேன்க்கா.

– அப்புறம் ஏன்டி இன்னிக்கு என்னைக் கூப்பிட்டே? மறைச்சு வச்சவ மறைச்சே வச்சிருக்கலாம்ல? ஐஸைப் போட்டுக் கொடுத்து என் வயித்தெரிச்சலை எதுக்குக் கொட்டிக்கிட்டே?

– தெரியட்டும்னுதான் கூப்பிட்டேன். வாயால சொல்ல ஒன்பது நாளா முயற்சி பண்ணுறேன், வரல. ஐஸைக் கையில கொடுத்தா நீங்களே கேப்பீங்க, கேட்டா ஒண்ணுவிடாம சொல்லிடலாம்னு நெனச்சேன். கேட்டதும் பயத்துல கடை, மரத்தூளுன்னு ஒளறிட்டேன்.

– சொல்லியாச்சுல்ல. நான் கெளம்புறேன்.

– இன்னும் முழுசா சொல்லலக்கா.

– இன்னும் என்னா இருக்கு? வேற எவன் போட்டான்? மணியமா? அவன் மூஞ்சியைப் பார்த்தப்பவே நெனச்சேன்.

– மணியம் இல்ல. அக்கா, நீங்க பஸ் ஏறுங்க. தெமியாங்குக்குப் போங்க. கூட்டம் கெடக்கட்டும், இன்னிக்கே போயி பேத்தியைத் தூக்குங்க. யாருக்காகவும் இங்க உக்காந்திருக்காதீங்க.

– எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா நீ? கேட்டதுக்குப் பதில் சொல்லு. அந்தத் தாளுல எத்தனை பேரு இருக்கு?

– எங்க வீட்டுக்காரரு போட்டதோட ரெண்டு. இவரு பேரு ரெண்டாவது. மொதோ பேரைப் பார்த்துதான் இவருக்கும் கை ஓடுச்சாம். அவரே போட்டுட்டாரு, நான் யாருக்காகச் சாகணும்னு கேட்டு அழுதாரு.

– மொதோ பேரு யாருடி? ஏன் தலையைக் குனியுறே? எவனா இருந்தாலும் சொல்லு, நான் பார்த்துக்கிறேன்.

– வீட்டுக்குப் போயி மெயின் சுவிச்சை மேல தூக்கிப் பாருங்கக்கா. பத்து நாளா உங்க வீட்டுலயும் கரண்டு இருக்கு.