கிரேன் இருக்கிற ஊர்

...அந்த ஊரிலை ஒருநாள் நிண்டு பார்த்தால்தான் நான் சொல்லுறது உங்களுக்கு விளங்கும். ஆ ஆ, வாயைத் திறவாதேங்கோ றொசானா! முகத்திலை பூசினது இப்பதான் காயுது. வெடிச்சால் முதலிலை இருந்து பூசவேணும். நான் கதைக்கிறன், நீங்கள் கேளுங்கோ.

ஹார்ட்ல்பூல். வடக்கிலை, கடற்கரை. எங்கை பார்த்தாலும் கிரேன், இரும்பு, கப்பல்... காத்தெண்டால் சும்மா காத்தே! லண்டன் டூட்டிங்கிலை பாதிப் பேருக்குத் தலை அலங்காரம் செய்யிறவள் நான். ஸ்டேஷனிலை இறங்கி அஞ்சு நிமிஷம், பேய் பிடிச்சவள் கோலம்! கடற்பறவை ஒண்டு கையிலை இருந்த மீன் துண்டைப் பறிச்சுக்கொண்டு போச்சு. உறைப்புக் காணாதெண்டு நான் மிளகாய்த்தூள் போட்டிருந்தனான். திரும்பி வந்து என்னை ஏசிப்போட்டுப் போச்சு.

மகள் ஜதுர்ஷிகா அங்கைதான் நேர்ஸ். அவளாப் போகேல்லை. இஞ்சை ஒரு பெடியனோடை பழகினவள். விதுசன், தோர்ண்டன் ஹீத்திலை இருக்கிறவன், லிப்ட் திருத்திற வேலை. நான் விடுவனே? என்ரை பிள்ளைக்கு லிப்ட் திருத்திறவனோ எண்டு துள்ளிக் குதிச்சு, பக்கத்திலை இருந்து அப்பிளிக்கேஷன் நிரப்புவிச்சு, மூண்டு மணித்தியால ரெயில் தூரத்துக்குத் தள்ளிவிட்டன்.

ஊர் முழுக்கக் கிரேன் எண்டு சொன்னனெல்லே? லிப்ட் திருத்திறவனுக்குக் கிரேன் திருத்த ஏலாதோ? ஆறு மாசத்திலை துறைமுகத்திலை வேலை எடுத்து அவனும் போய்ச் சேர்ந்திட்டான்! இஞ்சை எண்டால் பிள்ளை பத்து மணிக்கு வீட்டை வந்திருப்பாள், அங்கை கேக்க ஆள் இல்லை. நானே அனுப்பி, நானே சேர்த்து வைச்சு... இந்தக் கலாவதியின்ரை மூளையைக் கண்ணாடிப் பெட்டியிலைதான் வைக்கவேணும். சிரியாதேங்கோ, வெடிக்கும்!

இந்தச் சனிக்கிழமை அங்கை ரெண்டு பேருக்கும் கலியாண றெஜிஸ்ட்ரேஷன். செத்தாலும் வரமாட்டன் எண்டு போனை வைச்சிட்டன். வீம்பு. இப்ப மகன் ரதீசன் சொல்லுறான், அக்கா மேக்கப்புக்கு அங்கை ஒரு வெள்ளைக்காரியைப் பிடிச்சிருக்கிறாளாம். அவளுக்குச் சீலைக் கொசுவம் வைக்கத் தெரியுமே? நெத்திச்சுட்டி எங்கை குத்திறதெண்டு தெரியுமே? இருபது வருஷமா மற்றாக்களின்ரை பிள்ளையளையெல்லாம் சோடிச்சு அனுப்பினன். என்ரை பிள்ளைக்கு நான் இல்லை. பிள்ளையைக் குறை சொல்ல ஏலுமே? வரமாட்டன் எண்டது நான்தானே. நினைக்க எனக்கே வெக்கமாக் கிடக்கு.

உங்கடை சனிக்கிழமை அப்பொயின்ட்மெண்டைத் திங்களுக்கு மாத்திறன், குறை நினையாதேங்கோ. கடை பூட்டு. மேக்கப் பெட்டியோடை முதல் ரெயிலிலை போறன். சோடிக்கப் பிள்ளை முகத்தை என்னட்டைத் தருவாளோ தெரியேல்லை. தராட்டி என்ன... அந்த வெள்ளைக்காரிக்குப் பக்கத்திலை நிண்டு சீலைக்குக் குத்திற ஊசி எடுத்துக் குடுக்கிறன்.