குமிழி இல்லாத குப்பி

ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காற்றுக் குமிழி இல்லாமல் நீரால் நிரப்புவது பார்ப்பதற்குத்தான் சுலபம். விளிம்புக்கு மேல் நீர் லேசாகப் புடைத்து நிற்க வேண்டும். அப்போது மூடியைத் திருக வேண்டும். பிறகு நான் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பேன். ஒரு குமிழி எழும்பினாலும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவேன். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நிலத்தடி நீரைச் சோதனைக்கு எடுக்கும் எல்லோருக்கும் இந்தப் பொறுமை இருப்பதில்லை.

ஏன் குமிழி கூடாது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பெட்ரோலில் பென்சீன் என்று ஒரு நச்சுப் பொருள் உண்டு. அதற்கு நீருக்குள் இருக்கப் பிடிக்காது. கொஞ்சம் காற்று கிடைத்தாலும் அதற்குத் தாவிவிடும். குப்பிக்குள் குமிழி இருந்தால் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். சோதனையில் நீர் உண்மையைவிடச் சுத்தமாகத் தெரியும்.

டுவேன் கொபெக்கியின் பெட்ரோல் பங்கில் மண்ணுக்கடியில் இருந்த தொட்டி ஒழுகியது. தொட்டியை எடுத்தோம், மண்ணை அள்ளினோம், நிலத்தடி நீரை எடுத்துச் சோதிக்கச் சுற்றிலும் குழாய்கள் இறக்கினோம். பென்சீனுக்கு வரம்பு லிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராம். எல்லாக் குழாய்களிலும் அளவு அதற்குக் கீழே இறங்கிவிட்டது, ஒன்றைத் தவிர. அது பங்குக்குப் பக்கத்து வீட்டில், வெர்னா தோர்சனின் ருபார்ப் செடிப் பாத்தி நடுவே, அவருடைய குடிநீர்க் கிணற்றுக்கு முன்னால் இருந்தது. மண்ணுக்குள் காற்றைச் செலுத்தினோம். மருந்து இறக்கினோம். பனி உருகும்வரை காத்திருந்தோம். ஒன்பதிலேயே நின்றது. எனக்குப் புரியவேயில்லை.

"என்னப்பா குப்பிக்காரா, இன்னும் ஒன்பதுதானா?" என்பார் வெர்னா. "எங்க சர்ச் பிங்கோவுலகூட நம்பர் மாறுதே."

"மாறும் வெர்னா."

"மாறும் மாறும்னு சொல்லி உன் தலைதான் நரைச்சுது. டுவேன் பாவம், எங்க வீட்டுக்காரர்கூடப் படிச்சவன். இது முடியாம பங்க விக்கவும் முடியல. ஞாயித்துக்கிழமை எனக்கு முன்பெஞ்சுல உக்காந்துக்கிட்டுத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறான், வெக்கம். சரி, காப்பி குடி."

"ஃப்ளாஸ்க்கில இருக்கு."

"எத்தனை வருஷமா வர்ற, என் காப்பி ஒரு வாய் குடிச்சதில்ல. என் தண்ணின்னா அவ்வளவு பயமா? அதான் நீயே ஃபில்டர் மாட்டிக் குடுத்திருக்கியே. அதுக்கு முன்னாடி நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? தண்ணிய ஜக்குல புடிச்சுத் திறந்து வச்சிருவோம். எல்மர் கரண்டியப் போட்டு ஆட்டிக்கிட்டே இருப்பாரு, மனுஷனுக்கு வேற வேலை ஏது? மத்தியானத்துக்குள்ள வாடையே போயிரும்."

செத்துப்போன கணவரை நினைத்து அவர் சிரித்தார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை நான்கு வந்தது. அதற்கடுத்த முறை மூன்று. சோதனைக்கூடம் தவறு செய்யவில்லை. நானும் ஓர் எண்ணைக்கூடத் திருத்தவில்லை. ஃபைல் மூடப்பட்டது. நீர் வரம்புக்குள் வந்தபிறகு ஃபில்டருக்கு வேலையில்லை என்பது விதி. வெர்னாவின் நிலவறையிலிருந்து அதை நானே கழற்றி வண்டியில் ஏற்றினேன். அவர் எனக்கு ருபார்ப் தண்டு வைத்து 'பை' என்ற பலகாரம் சுட்டுக் கொடுத்தார். டுவேன் அந்த ஞாயிறு திரும்பிப் பார்த்துக் கைகொடுத்தாராம். மூன்று பேருக்கும் வேண்டியிருந்தது ஓர் எண் மட்டும்தான். அதைக் கொடுத்ததில் எனக்கு ஒரு டாலர்கூட லாபமில்லை.

வெர்னாவின் ரத்தத்துக்கு வந்திருக்கும் நோய் எதனால் என்பதை டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும், அது என் துறை இல்லை. நீரைக் கொதிக்க வைத்தால் பென்சீன் பெரும்பாலும் போய்விடும் என்று மட்டும் தெரியும். எங்கே போகும் என்பது நல்ல கேள்வி. காப்பி போடும்போது சமையலறைக்குள். வெந்நீரில் குளிக்கும்போது குளியலறைக்குள். எங்கள் ஊர்க் குளிரில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை.

ஒன்பது எப்படி நான்காயிற்று என்று இந்த விசாரணையில் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். ருபார்ப் பாத்திக் குழாயிலிருந்து எடுத்த நீரை அகலமான வாளியில் ஊற்றினேன். வெயிலில் திறந்து வைத்து, மதியம்வரை கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தேன். அதன்பிறகுதான் குப்பியில் நிரப்பினேன். வழக்கம்போலக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

ஒரு குமிழிகூட இல்லை.