கால்படி இல்லாத கார்

பகல் மணி பன்னிரண்டு. பங்குனி வெயில். புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை போகிற ரோடு. ஆள் இல்லை, மாடு இல்லை... ஒரு காக்கை கூட இல்லை. பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று பகலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கிட்ட வந்து உட்காருங்கள். கடைசியில் இருக்கிறவர் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வரட்டும்.

இது நடந்தது என் கூட்டாளி முத்துராமனின் சின்னாத்தாளுக்கு, அதாவது சித்திக்கு. பெயர் ஆவுடையாள். திருமயத்துக்குப் பக்கத்து ஊரில், சொக்கநாதனுக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டவள். மூத்தவள் சேதுலட்சுமி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதிலேயே விஷக் காய்ச்சலில் போய்விட்டாள். போனாள் என்றுதான் பேர்... வீட்டுக்குள் நுழைந்தால் சுவர் முழுக்க அவள்தான்.

சொக்கநாதனுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று கேமரா, இன்னொன்று கார். அந்தக் காலத்தில் சொந்தக் கார் கிடையாது. ஊருக்குள் யாருடைய கார் வந்து நின்றாலும் சேதுலட்சுமியைக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்துவிடுவார். ஆவுடையாள் வந்த பிறகு கேமரா பழுதாகிவிட்டதாம். எட்டு வருஷமாகப் பழுது. யாராவது நம்புவார்களா?

வருகிறவர்கள் எல்லாம் அந்தப் படங்களைப் பார்த்துக் கேட்பார்கள்.

"இது யாரு ஆச்சி, இவ்வளவு லெட்சணமா?"

"அது ஃபோர்டு வண்டிங்க" என்பாள் ஆவுடையாள். "சக்கரத்துக் கம்பியப் பாருங்க. இங்கிட்டு இருக்கிறது ஆஸ்டின். சின்ன வண்டி, மூக்கு மட்டும் நிமிந்திருக்கும்."

சிரிக்காதீர்கள். மூத்தவள் மேல் விழுகிற கண்ணைக் கார் பக்கம் திருப்பத்தான் அவள் கார் படித்தாள். புருஷனிடமே நச்சரித்துக் கேட்டாள், பழைய பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்தாள். போகப் போக, ஒரு மூலை மட்டும் தெரிந்தாலும் இன்ன கார், இன்ன வருஷம் என்று சொல்லிவிடுவாள். வயிற்றெரிச்சலில் படித்த படிப்பு சீக்கிரம் மண்டையில் ஏறும்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து ஒரு சரஸ்வதி பூசைக்குச் சுவரைத் துடைக்கும்போது, ஒரு ஃபிரேமின் பின்னட்டை கழன்று உள்ளேயிருந்து இன்னொரு படம் விழுந்தது. சேதுலட்சுமி. இதில் அவள் காருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. முன் ஸீட்டில், உள்ளே உட்கார்ந்திருந்தாள். நேராகப் பார்த்துக்கொண்டு.

எந்தக் கார்?

ஆவுடையாளுக்குத் தெரியவில்லை. பழைய கார் என்றால் ஏறுவதற்குப் பக்கவாட்டில் நீளமாக ஒரு கால்படி இருக்கும். விளக்கு இரண்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இதில் படியே இல்லை. விளக்கு மட்கார்டுக்குள்ளேயே புதைந்திருந்தது. கூரை வழவழவென்று முதுகு வளைந்து இறங்கியது. இப்படி ஒரு காரை அவள் பார்த்ததே இல்லை.

சொக்கநாதனிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது நான் எடுத்த படமில்லையே..."

"யாரு காருங்க இது?"

"தெரியலை ஆவுடை."

"ஒங்களுக்கா தெரியாது? தெருவுல ஹாரன் கேட்டாலே இன்ன வண்டின்னு சொல்லுவீங்களே?"

அவர் படத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான், அவளுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. தனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் எங்கேயோ போயிருக்கிறார்கள்! இவள் கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால், செத்துப்போனவள் உயிரோடு இருந்தபோது போயிருந்தால் இவளுக்கென்ன? அந்த நியாயமெல்லாம் உங்களுக்கும் எனக்கும்தான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் மூத்தவளுக்கு ஒரு சேலை எடுத்து, இலை போட்டு, சாம்பிராணி காட்டிப் படைப்பார்கள். சுமங்கலியாகப் போனவள் அல்லவா? படைத்த பிறகு அந்தச் சேலையை ஆவுடையாள் கட்டிக்கொள்ள வேண்டும். ரேடியோ வந்தபோது ஒரு சேலை. வைரத் தோடு வாங்கியபோது ஒரு சேலை. அவள் பெட்டியில் இருந்த நல்ல சேலை அத்தனையும் இன்னொருத்தி கட்டி முடித்த மிச்சம். அப்படித்தான் அவள் நினைத்தாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஐம்பத்தொன்பது பங்குனியில் சொக்கநாதன் கார் வாங்கினார். புத்தம் புது அம்பாசடர்.

"ஒனக்காகத்தான் ஆவுடை" என்றார். எட்டு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடினாள். சுற்றினாள். பொட்டு வைக்கக் குனிந்தாள்...

கால்படி இல்லை.

விளக்கு மட்கார்டுக்குள் புதைந்திருந்தது. கூரை முதுகு வளைந்து இறங்கியது.

தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்து, முந்தானைக்குள் மறைத்தபடி ஒப்பிட்டுப் பார்த்தாள். கதவுப்பிடி அதே. விளக்கு வளையம் அதே. இந்த மாதிரிக் கார் வந்தே ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகிறது. சேதுலட்சுமி போய்ப் பத்து வருஷம்.

நீங்களோ நானோ என்றால் அங்கேயே மயங்கி விழுந்திருப்போம். ஆவுடையாளுக்குப் பயம் வரவில்லை. எனக்கென்று வாங்கியதிலும் எனக்கு முந்தி உட்கார்ந்துவிட்டாளே என்று உடம்பெல்லாம் எரிந்தது. படத்தை அடுப்பில் போட்டாள். அது எரியும்போது சாம்பிராணி வாடை வந்தது... காகிதம் எரிகிற வாடை இல்லை.

மறுநாள் குடுமியான்மலைக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுவதாக ஏற்பாடு. படைப்பதற்கென்று மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை வாங்கி வைத்திருந்தார்கள். காலையில் பார்த்தால், ஆவுடையாள் அதைக் கட்டிக்கொண்டு முன் ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்!

நாத்தனார் முத்தாள் பதறிப்போனாள். "அடி ஆவுடை, மூத்தவளுக்கு இன்னும் படைக்கலையேடி! எறங்கு. அவ கட்டுன பொறவுதான் நீ கட்டணும்."

"எத்தனை வருசத்துக்கு? இது எனக்கு வாங்குன காரு. எனக்கு எடுத்த சேலை. நான் எறங்க மாட்டேன்."

முத்தாளை வாசலிலேயே விட்டுவிட்டுச் சொக்கநாதன் ஏறி உட்கார்ந்தார். வண்டியை எடுத்தார். புதுக்கோட்டை தாண்டியது. அவள் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு மகாராணியாக உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையிலேயே அவளுக்கு அதுதான் நல்ல காலை.

பன்னிரண்டு மணிக்கு வண்டி நின்றது. புஸ்ஸென்று முன்னால் ஆவி. "சூடாயிருச்சு. செத்த எறங்கி நிழல்ல நில்லு" என்றார். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்கி, ரோட்டோரப் புளியமரத்துக்குக் கீழே போனாள். அவர் பானட்டைத் தூக்கி வைத்துவிட்டுத் தகர டப்பாவிலிருந்து தண்ணீர் ஊற்றினார். களக்... களக்... அந்தச் சத்தம் ஒன்றுதான்.

அப்புறம் இன்னொரு சத்தம்.

டப்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம். வண்டி இடது பக்கமாக லேசாக அமுங்கி நின்றது. அவர் பானட்டுக்கு முன்னால் குனிந்தபடியே இருந்தார். ரோட்டில் வேறு யாரும் இல்லை. காற்றே இல்லாத வெயிலில் ஒரு வாடை வந்தது. தலை முழுகி, ஈர முடியைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்தினால் வருமே... அந்த வாடை.

ஆவுடையாள் ஓடிப்போய் முன் கதவுப் பிடியைத் திருகினாள். திரும்பவில்லை. கண்ணாடியில் வெயில் அடித்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அவர் பானட்டைச் சாத்திவிட்டு வந்து ஏறி உட்கார்ந்தார். முன் கண்ணாடி வழியாக அவர் முகம் மட்டும் தெரிந்தது. பக்கத்து ஸீட்டைப் பார்த்தார். பார்த்த பார்வையில் முகம் அப்படியே இளகிப்போனது. எட்டு வருஷத்தில் அந்த முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

இவளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"பின்னாடி ஏறிக்க ஆவுடை."

ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். வெள்ளனூர்ப் பக்கம் நடந்தால் யாராவது மாட்டுவண்டிக்காரன் வந்திருப்பான். ஓடத்தான் முதலில் நினைத்தேன் என்று அவளே பிற்பாடு முத்துராமனிடம் சொன்னாளாம். ஆனால்... தான் ஓடிவிட்டால் காரில் அவர்கள் இரண்டு பேரும் தனியாகப் போவார்களே? அதை நினைத்தாள். அந்த நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை.

பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. முன் ஸீட்டில் யாரோ ஜன்னல் கண்ணாடியை மெதுவாக இறக்கினார்கள். கரக்... கரக்... கரக்...

சொக்கநாதனின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன.