பத்தொன்பது விநாடி மூச்சு

பயிற்சி நிறைவு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஆலைத் தலைவர் சுப்பிரமணி ஐயா அவர்களே! மூச்சைப் பிடிக்கவும் விடவும் கற்றுத்தர மூன்று நாள் சென்னையிலிருந்து வந்துபோன பயிற்சியாளர் அம்மா அவர்களே! மனிதவள அதிகாரி ஸ்ரீதர் ஐயா அவர்களே! விடியும் முன்னே எழுந்து எங்கள் தட்டில் சோறு போடும் கேண்டீன் தாய்மார்களே! படப்பையிலிருந்தும் தண்டலத்திலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்து, இன்றைக்காவது உட்கார நாற்காலி கிடைத்ததே என்று மகிழ்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, தோழிகளே! உங்கள் அனைவருக்கும் இரண்டாம் லைன் சுபஸ்ரீயின் வணக்கம்.

சத்தமாகப் பேசச் சொல்கிறீர்களா? பேசுகிறேன் அக்கா. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாளிலிருந்து நான் மைக் பிடித்ததில்லை. அதற்கு முன்பும் பிடித்ததில்லை.

இதோ, என் கையில் ஒரு தாள் இருக்கிறது. ஸ்ரீதர் ஐயா எழுதிக் கொடுத்தது. 'மூச்சுப் பயிற்சியால் என் கோபம் பறந்தது, என் கவலை கரைந்தது, என் வாழ்வு மலர்ந்தது' என்று அழகாக எழுதியிருக்கிறார். இதைப் படிக்க என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? இந்தத் தாளுக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்பதால்! சிரிக்காதீர்கள். அவர்கள் நினைத்தது சரிதான். இந்த மேடைப் படியில் கால் வைக்கும் வரைக்கும் சரிதான்.

எனக்குச் சலித்துவிட்டது பெரியோர்களே, சலித்துவிட்டது! பஸ் ஒரு மணி நேரம் தாமதமா? மூச்சை இழுத்து விடு. விடுப்பு கேட்டால் இல்லையா? மூச்சை இழுத்து விடு. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறதா? கேண்டீன் கிளியம்மா அக்கா, முறைக்காதீர்கள், நான் நேற்றைய சாம்பாரைச் சொல்லவில்லை. மூச்சை இழுத்து விடு. எங்கள் லைனில் மின்விசிறி மூன்று வாரமாகச் சுற்றவில்லை. அதற்கும் மூச்சை இழுத்து விடு என்றார்கள். காற்றே வராத இடத்தில் எதை இழுப்பது, எதை விடுவது?

பயிற்சியாளர் அம்மா என்னைத் தவறாக நினைக்கக் கூடாது. நீங்கள் சொல்லிக் கொடுத்தது பொய் இல்லை. நாலு எண்ணும் வரை இழு, ஏழு எண்ணும் வரை நிறுத்து, எட்டு எண்ணும் வரை விடு, இப்படி மூன்று முறை. நான் வீட்டிலும் செய்து பார்த்தேன். என்னைக் கேட்காமலே அப்பா என் கல்யாணப் பேச்சை எடுத்த அன்று, சோற்றுத் தட்டைத் தூக்கி எறியக் கை போனது. மூன்று மூச்சு விட்டேன். தட்டைக் கீழே வைத்தேன். "எனக்கு இப்ப வேணாம்பா" என்றேன். "இன்னாடி, வாய் வந்துடுச்சா உனுக்கு?" என்றார். ஆனால் அடிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அன்றுதான் எனக்குப் புரிந்தது. கோபத்தை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்க இந்த மூச்சு வரவில்லை. சொல்ல வேண்டியதை நடுங்காமல் சொல்வதற்காக வந்திருக்கிறது.

ஆனால் நம் லைனில் அதை எப்போது விடுவது? எனக்குக் கணக்கு சுமாராகத்தான் வரும். இருந்தாலும் கூட்டிப் பார்த்தேன். நாலும் ஏழும் எட்டும் பத்தொன்பது. ஒரு மூச்சுக்குப் பத்தொன்பது விநாடி. பெல்ட்டில் வரும் கார் வயர்க்கட்டு எத்தனை விநாடியில் நம்மைக் கடந்து போகும்? சொல்லுங்கள்! ஆமாம், இருபத்திரண்டு! அதற்குள் ஆறு கிளிப் மாட்ட வேண்டும். மூச்சு போக மிச்சம் மூன்று விநாடி. மூன்று விநாடியில் ஆறு கிளிப் மாட்டும் கையோடு எந்தத் தாய் பிள்ளை பெற்றாள்?

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். என் இடப்பக்கத்தில் நிற்பவள் இசக்கிசெல்வி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். படப்பையில் ஒரே அறையில் ஆறு பேரோடு தங்கியிருக்கிறாள். அன்று காலை ஒன்பது மணிக்கு அவள் சிவப்பு அட்டை கேட்டாள். விருந்தினர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். கழிவறைக்குப் போக வேண்டுமானால் அந்த அட்டை கையில் இருக்க வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே ஓர் அட்டை. பதினொரு மணி ஆயிற்று, அவளுக்கு வரவில்லை. சூப்பர்வைசர் முனிரத்தினம் ஐயாவிடம் மறுபடியும் கேட்டாள்.

"இன்னாம்மா, சும்மா அட்ட அட்டன்னுகினு? போ, போய் பீஸப் பாரு!"

இசக்கியின் முகம் சிவந்தது. "ஏட்டி, இன்னைக்கு இந்த மனுசன நான் கடிச்சே வச்சிருவேன், பாத்துக்க" என்று என்னிடம் பல்லைக் கடித்தாள். அப்போது ஒரு குரல் சொன்னது, "மூச்ச இழுத்து வுடு செல்வி. நாலு, ஏழு, எட்டு." யார் குரல்? என் குரல்தான். எல்லோரும் எனக்குச் சொல்லிச் சொல்லி, நானும் அவளுக்குச் சொல்லிவிட்டேன்.

அவள் கண்ணை மூடினாள். இழுத்தாள், நிறுத்தினாள், விட்டாள். மூன்று முறை, பாடத்தில் உள்ளபடியே. அவள் கோபம் இறங்கியது. பெல்ட் இரங்குமா? ஐம்பத்தேழு விநாடி! இரண்டு வயர்க்கட்டு கிளிப் இல்லாமல் கடந்து போனது, மூன்றாவதும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் சோதிக்கும் இடத்தில் சைரன் அலறியது. லைன் நின்றது. முனிரத்தினம் ஐயா ஓடி வந்தார்.

"தூங்கினுகீறியா? நின்னுகினே தூங்குறியா நீ?"

"தூங்கல சார். கோவம் வந்தா மூச்சு விடுங்கன்னு நீங்கதான சொன்னிய!"

"நானா? நான் எப்ப சொன்னேன்? நான் அந்த கிளாஸுக்கே வர்ல!"

அது உண்மை. சூப்பர்வைசர்களுக்கு வேலை அதிகம் என்று யாரையும் வகுப்புக்கு அனுப்பவில்லை. கத்துகிறவருக்கு வகுப்பு கிடையாது, கத்தல் வாங்குகிறவளுக்கு மூன்று நாள் வகுப்பு! இது என்ன நியாயம்? பொறுங்கள், முனிரத்தினம் ஐயாவைப் பார்த்து விசில் அடிக்காதீர்கள். அவர் காதில் இருக்கும் போனில் அவரிடம் யார் கத்துகிறார்கள் என்பதையும் நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

அன்று மாலையே இசக்கிக்கு மெமோ வந்தது. 'வேலை நேரத்தில் கண்மூடி உறங்கினார்.' அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. அந்த ஒரு வரி நிலைத்துவிட்டால் அவள் வேலை போய்விடும். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எந்தக் கம்பெனி கேட்டில் போய் நின்றாலும், பழைய வேலை ஏன் போனது என்றுதான் முதலில் கேட்பார்கள். தூங்கினேன் என்றா சொல்வாள், தூங்காதவள்?

இவ்வளவு பேசுகிறாயே, அன்று என்ன செய்தாய் என்று கேளுங்கள். கேளுங்கள்! அன்று ஸ்ரீதர் ஐயா என்னைக் கூப்பிட்டார். "நீதான பக்கத்துல இருந்த? அந்தப் பொண்ணு தூங்குச்சா?" என்றார். நான் தலை குனிந்தேன். நாக்கு எழவில்லை. "சரி, போ" என்றார். நான் பேசாததை ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள். நான்கு நாளாக எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல். பஸ் மேல், பெல்ட் மேல், மின்விசிறி மேல். அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தால்கூட என் மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு ஈடாகாது.

பெரியோர்களே, எனக்காக ஒரே ஒரு மூச்சு விடுங்கள். மேடையில் இருப்பவர்களும்தான். கண்ணை மூடுங்கள். இழுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நிறுத்துங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... தலைவர் ஐயா, அதற்குள் விட்டுவிட்டீர்களே! பரவாயில்லை, முதல் நாள் எனக்கும் அப்படித்தான். ஆறு, ஏழு. மெதுவாக விடுங்கள். எட்டு வரை.

கண்ணைத் திறக்கலாம். யாராவது தூங்கினீர்களா? பின்வரிசையில் ஓர் அண்ணன் கை தூக்குகிறார். அவர் வரவேற்புரையிலிருந்தே தூங்குகிறார், அவரை விடுங்கள்.

இந்தக் கூடத்தில் நானூறு பேர் கண்ணை மூடினோம். ஆலைத் தலைவர் மூடினார். அதிகாரி மூடினார். சொல்லிக் கொடுத்த அம்மாவும் மூடினார். நானூறு பேரும் உறங்கினோமா? நானூறு பேருக்கும் மெமோ உண்டா? இல்லையென்றால் அவளுக்கு மட்டும் ஏன்? அவளுக்கு மட்டும் எப்படி?

இசக்கிசெல்வி தூங்கவில்லை! நான் பார்த்தேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் சொல்லித்தான் அவள் கண்ணை மூடினாள். நாளை பத்து மணிக்கும் இதையே சொல்வேன். எழுதித் தா என்றால் எழுதுவேன். கையெழுத்து கேட்டால் போடுவேன். லைனுக்கு இன்னொரு சிவப்பு அட்டை கொடுங்கள். மணிக்கு ஒருமுறை ஒரே ஒரு நிமிடம் பெல்ட்டை நிறுத்துங்கள். அடுத்த வகுப்பில் முதல் வரிசையில் சூப்பர்வைசர்களை உட்கார வையுங்கள், அவர்களுக்குப் போன் போடுகிறவர்களை இரண்டாம் வரிசையில். அதன் பிறகு எங்களிடம் மூச்சு விடச் சொல்லுங்கள், மனதார விடுகிறோம்!

யார் எழுந்து நிற்பது? முனிரத்தினம் ஐயாவா? சொல்லுங்கள் ஐயா. மைக் வேண்டாம், உங்கள் குரல் எங்களுக்கு மைக் இல்லாமலே கேட்கும்.

"அந்தப் பொண்ணு தூங்கலன்னு எனக்கும் தெரியும்மா. லைன் நின்னா நான்தான பதில் சொல்லணும்? அதான் அப்டி எழுதிட்டேன். நாளிக்கு நானும் வந்து சொல்றேன்."

கேட்டீர்களா? எல்லோரும் கேட்டீர்களா? ஸ்ரீதர் ஐயா, உங்களுக்கும் கேட்டதா? நீங்கள் எழுதிக் கொடுத்த தாளை இதோ திருப்பித் தருகிறேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அவர் இப்போது சொன்னதை அதில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குறுக்கே பேசாமல் கேட்ட தலைவர் ஐயாவுக்கு நன்றி. என்னோடு எண்ணிய உங்கள் எல்லோருக்கும் நன்றி. உள்ளே விடாததால் கேட்டுக்கு வெளியே நின்று இந்த ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருக்கும் செல்விக்கு ஒரு செய்தி. நாளை பத்து மணிக்கு உன் வலப்பக்கத்தில் நிற்பேன், லைனில் நிற்கும் அதே இடத்தில். உனக்கும், இங்கே கூடியிருக்கும் அனைவருக்கும், நடுங்காத நாக்கோடு என் வணக்கம்.