தட்டின் விளிம்பும் நடுப்பகுதியும்

...இளம் வழக்கறிஞர்களே, நிபுணர் அறிக்கையைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்காக ஒரு சிறிய கதையை இங்கே வைக்கிறேன். கேளுங்கள்.

புதுச்சேரியில் ஓர் அருங்காட்சியகம். அங்கே ஒரு மண் தட்டு. பிரான்சின் நெவேர் நகரத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்தது. மேலே பால் போன்ற வெள்ளை மெருகு. பத்தொன்பது ஆண்டுகளாக அதைக் காத்தவர் செலஸ்தீன் அம்மையார். எவரையும் விரல் வைக்க விட்டதில்லை.

மெருகை ஆய்வுக்கு அனுப்பினார்கள். அறிக்கை வந்தது... டைட்டானியம் வெள்ளை. சென்ற நூற்றாண்டுக்கு முன் புழக்கத்திலேயே இல்லாத பூச்சு. அப்படியானால் தட்டு போலி. அசல் எங்கே? காத்தவர்தானே பதில் சொல்ல வேண்டும்?

விசாரணைக் குழுத் தலைவர் கேட்டார்: "அசல் உங்க வீட்டு அலமாரியில பத்திரமா இருக்கா, மதாம்?"

"எங்க வீட்டுல எவர்சில்வர் தட்டுதான் சார். வந்து பாருங்க."

சிரிப்பு எழுந்தது. ஆனால் மேசைமேல் பணிநீக்க உத்தரவு தயாராக இருந்தது... கையொப்பம் மட்டுமே பாக்கி.

அம்மையார், மெருகை ஆய்வு செய்த டாக்டர் நீலமேகத்திடம் திரும்பினார். "டாக்டர், எந்த இடத்துல சுரண்டுனீங்க?"

"விளிம்புலம்மா. அங்க ஏற்கெனவே உடைஞ்சிருந்துது. நல்லா இருக்கிற இடத்துல கை வைக்க மாட்டோம். அதான் எங்க வழக்கம்."

"உடைஞ்ச இடத்துலதானே பழுது பாத்துப் பூசியிருப்பாங்க?"

நீலமேகம் குனிந்து தட்டின் விளிம்பை உற்றுப் பார்த்தார். பிறகு, "நடுவுல ஒரு ஊசிமுனை அளவு எடுக்கணும்" என்றார். தலைவர் தயங்கினார். பொருளுக்குச் சேதம் வருமே?

"எடுங்க டாக்டர்," என்றார் அம்மையார். "நானே புடிச்சிக்கிறேன்."

பத்து நாளில் முடிவு வந்தது. நடுவில் ஈயமும் வெள்ளீயமும். அக்காலத்து நெவேர் மெருகின் அதே கலவை. தட்டு அசல். புதியது, பழுது பார்க்க யாரோ எப்போதோ விளிம்பில் பூசிய பூச்சு மட்டும். தலைவர் உத்தரவைக் கிழித்தார்.

நண்பர்களே, கவனியுங்கள். முதல் அறிக்கை பொய்யா? இல்லை. அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அது விளிம்பைப் பற்றிய உண்மை. முழுத் தட்டைப் பற்றிய உண்மையாக அதைப் படித்தது யார்? குழு. தவறு அங்கேதான் நேர்ந்தது.

ஆகவே, நிபுணர் கூண்டில் ஏறும்போது அவருடைய அறிவோடு மோதாதீர்கள். அதில் நீங்கள் தோற்பீர்கள். மாதிரியை எங்கிருந்து எடுத்தார், ஏன் அங்கிருந்து எடுத்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையான நிபுணர் நேர்மையாகவே பதில் சொல்வார். நீங்கள் கேட்காமல் உட்கார்ந்துவிட்டால்... ஓர் உண்மையான அறிக்கையைக் கொண்டே குற்றமற்ற ஒருவர் தண்டிக்கப்படுவார்.