வீட்டைக் காலியாக விடாதீர்கள்

முட்டைக்கோஸை வெண்ணெயில் வதக்கி நூடுல்ஸோடு கிளறுவதில் பெர்னடீன் ஹூடாக்கை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு வியாழனும் எனக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்திருப்பார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இதை முதலில் சொல்லக் காரணம், அந்தத் தம்பதி மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை என்பது உங்கள் விசாரணைப் பதிவில் ஏற வேண்டும்.

க்ளீவ்லாந்தின் கிழக்கில், வீட்டுக்கடனால் வீடு ஜப்திக்கு வந்தவர்களுக்காகக் கட்டணம் வாங்காமல் வழக்காடும் சின்ன அலுவலகம் எங்களுடையது. அங்கே பதினொரு வருடம் வக்கீலாக இருந்தேன். ஹூடாக் தம்பதி வந்த 2009-இல், சில தெருக்களில் வரிசையாக நான்கைந்து வீடுகளுக்கு ஜன்னலில் பலகை அடித்திருந்தது. என் பொறுப்பில் மட்டும் நூற்று நாற்பது வழக்குகள். சாக்குக்காகச் சொல்லவில்லை. அன்றைய நிலவரம் அது.

எமில் ஹூடாக் இரும்பாலையில் முப்பத்து நான்கு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர் பெர்னடீன். கடன் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறியபோது, இவர்கள் கட்டிய இரண்டு தவணை வேறு யாருடைய கணக்கிலோ வரவாகியிருந்தது. நீதிமன்றத்திலிருந்து வந்த அழைப்பாணையையும் காசோலை நகல்களையும் எமில் என் மேஜையில் அடுக்கி வைத்தார்.

"ஒரு மாசம்கூட நான் தவறினது இல்ல வக்கீலே. இவ காலுக்கு ஆபரேஷன் பண்ணப்பகூட கட்டிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேட்டுப் பாருங்க."

"ஆமா கண்ணு," என்றார் பெர்னடீன். "என்னை வண்டியில உக்கார வச்சிட்டு இவரு தபாலாபீஸ் வரிசையில நின்னாரு. அத எப்படி மறப்பேன்?"

சுலபமான வழக்கு. பதில் மனுவோடு அந்த நகல்களை இணைத்து இருபத்தெட்டு நாளுக்குள் தாக்கல் செய்தாலே போதும். மனுவை நான் நன்றாகத்தான் எழுதினேன். ஆனால் அது வேறொருவர் கோப்பின் பின்னால் கிளிப்பில் மாட்டிக்கொண்டுவிட்டது. கண்ணில் பட்டபோது முப்பத்து மூன்றாவது நாள்.

அதற்கும் வழி இருந்தது. நீதிபதி முன் நின்று, தவறு என்னுடையது, காலதாமதத்தைப் பொறுத்து மனுவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கலாம். பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அந்த வருடத்தில் நான் ஏற்கெனவே இரண்டு முறை அப்படிக் கேட்டிருந்தேன். இன்னொரு முறை நடந்தால் உரிமத்தை நிறுத்தி வைப்போம் என்று வக்கீல்களின் ஒழுங்குக் குழுவிலிருந்து எனக்குக் கடிதமும் வந்திருந்தது. ஒரு நாள் யோசித்துவிட்டுச் செய்யலாம் என்று இருந்தேன். அன்று மத்தியானம் எமில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பதில் போட்டாச்சா?"

"போட்டாச்சு," என்றேன்.

"அப்பாடா. ஏய் பெர்னி, போட்டாச்சாம்."

அந்தப் பக்கம் பெர்னடீன் கைதட்டுவது கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு யாராலும் பேச்சை மாற்றியிருக்க முடியாது.

எதிர்ப்பே இல்லாததால் தீர்ப்பு ஒருதலையாகப் போனது. இனி உங்களைப் பயமுறுத்தச் சில கடிதங்கள் வரும், பிரிக்காமல் எடுத்து வையுங்கள், வியாழக்கிழமை நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். சொன்னபடியே செய்தார்கள். ஏல அறிவிப்பை நான் வாங்கிக்கொண்டேன். ஏலத்தில் கடன் கொடுத்த நிறுவனமே வீட்டை எடுத்துக்கொண்டது. ஊரெல்லாம் காலி வீடுகளாக இருந்ததால், இவர்களை வெளியேற்ற அது அவசரப்படவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் பெர்னடீன் வராந்தாவுக்குப் பச்சை வண்ணம் அடித்தார். அந்த வீடு அப்போது அவருடையது அல்ல. எந்த நிறம் நன்றாக இருக்கும் என்று என்னைக் கேட்டுத்தான் வாங்கினார்.

வாய்தா தள்ளிப்போயிருக்கிறது என்று மாதம் ஒரு முறை சொன்னேன். அவர்கள் மனம் நிம்மதியாக இருக்கட்டும் என்று, வழக்கு முடியும்வரை வீட்டில் கை வைக்கக்கூடாது என ஓர் உத்தரவை நானே தட்டச்சு செய்து, நீதிபதியின் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். எமில் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தார்.

அக்டோபரில் அவர், "ஒரு நாள் கோர்ட்டுக்குப் போயி என் கேஸ் கட்டைக் கண்ணால பாத்துட்டு வரலாம்னு இருக்கேன். நான் போனா வேணாம்னா சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

வீட்டைக் காலியாக விட்டால் கைவிட்டதாகக் கணக்கெடுத்துப் பூட்டை மாற்றிவிடுவார்கள் என்றேன். அது முழுப் பொய் அல்ல. வீட்டைவிட்டுப் போனவர்களுக்கு அப்படி நடந்திருக்கிறது. எதிர்வீட்டுக் கதவில் தொங்கிய புதுப் பூட்டை அவர்களே பார்த்திருந்தார்கள். எப்போதும் ஒருவர் வீட்டில் இருங்கள் என்று மட்டும்தான் அன்று சொன்னேன். அடுத்த ஞாயிறிலிருந்து முறை வைத்துத் தேவாலயத்துக்குப் போனார்கள்.

அவர்களுடைய மகள் மார்சி இரண்டு மணி நேரத் தொலைவில் டொலிடோவில் இருக்கிறாள். அப்பாவை வேறொரு வக்கீலிடம் அழைத்துப்போக நினைத்தாள். அதனால் விதியைக் கொஞ்சம் இறுக்க வேண்டியதாயிற்று. பத்திரத்தில் இருவர் பெயரும் இருப்பதால் இருவருமே வீட்டைவிட்டு இறங்கக்கூடாது என்றேன். கடைக்குப் போகும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பால், ரொட்டி, எமிலின் ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் வியாழன்தோறும் நான்தான் கொண்டுபோனேன். எந்த வக்கீல் இதெல்லாம் செய்வார்?

மார்சி என்னைக் கூப்பிட்டாள். "எங்கப்பா படியைத் தாண்ட மாட்டேங்கறாரு. என்ன சொல்லி வச்சிருக்கீங்க அவங்ககிட்ட?"

"வழக்கு முக்கியமான கட்டத்துல இருக்கு. இப்ப ஆட்டிவிட்டா எல்லாம் போயிரும்."

"ஜெயிச்சிருவாங்கல்ல?"

"என்னை நம்புங்க," என்றேன். நம்பினாள்.

பிப்ரவரியில் எமிலின் தம்பி இறந்துபோனார். மார்சி கேட்டுக்கொண்டதால், சவ வண்டியை அவர்கள் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அன்று வியாழக்கிழமை. எமில் வாசலுக்கு உள்ளே, பனியில் கால் படாமல், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். வண்டி ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பியது. "கீழ எறங்கி அவன் பெட்டியை ஒரு தடவை தொட்டா தப்பா வக்கீலே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கும் மனம் கனத்தது. அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட அந்த மார்ச் மாதத்துக்கு வருகிறேன். செவ்வாய் காலை பதினொரு மணிக்கு எமில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"நேத்துலேருந்து இவளுக்கு வயித்து வலி. வலப் பக்கம் கையே வைக்க விட மாட்டேங்கறா. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

பின்னாலிருந்து பெர்னடீன், "வேணாம், வேணாம். வீடு போயிரும். அவர்கிட்டக் கேளுங்க முதல்ல," என்று சொல்வது கேட்டது.

நான் அவசரப்படவில்லை, யோசித்துத்தான் பேசினேன். ஆம்புலன்ஸ் வந்தால் மருத்துவமனை. மருத்துவமனை என்றால் மார்சி வருவாள். அம்மாவின் துணிமணியை எடுக்க வீட்டுக்குப் போவாள், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளைப் படிப்பாள். அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அந்தத் தாளை ஒரு முறை பார்த்தாலே அவளுக்குப் புரிந்துவிடும்.

"வீட்டுக்கு வந்து பாக்கற டாக்டர் ஒருத்தர் எனக்குத் தெரியும். அனுப்பறேன். அதுவரைக்கும் வெந்நீர் ஒத்தடம் குடுங்க," என்றேன்.

அப்படி ஒரு டாக்டரை எனக்குத் தெரியாது.

அன்று மாலை மறுபடி கூப்பிட்டார். டாக்டர் கிளம்பிவிட்டார் என்றேன். புதன் காலை கூப்பிட்டபோது, பனியில் எங்கோ மாட்டிக்கொண்டிருப்பார் என்றேன். எமில் குரல் உயர்த்தவே இல்லை. "வலி நின்னுருச்சாம், தூங்கறா," என்றார். சரியாகிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் வலி குறையும் என்பதெல்லாம் பிறகு உங்கள் அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று மாலை நான்கு மணிக்குப் பெர்னடீன் இறந்தார்.

அடக்கத்துக்கு எமில் போகவில்லை. போகலாமா என்று அவர் கேட்டார். நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மே மாதம் நீதிமன்ற உத்தரவோடு மாவட்ட ஷெரீப்பின் ஆட்கள் இருவர் வீட்டை எடுத்துக்கொள்ள வந்தார்கள். எமில் நாற்காலியைவிட்டு எழவில்லை. குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினார். வக்கீல் சொல்லாமல் இறங்க மாட்டேன் என்றார். அவர்கள் என் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தொலைபேசி அடித்து ஓயும்வரை நான் மேஜையில்தான் இருந்தேன். கடைசியில் அவரை நாற்காலியோடு தூக்கிப் புல்வெளியில் வைத்தார்களாம்.

"நான் எறங்கல. நீங்கதான் தூக்கினீங்க. அத அப்படியே எழுதிக்கோங்க," என்றாராம் எமில்.

இதுதான் நடந்தது. பதில் மனுவை நான் தாக்கல் செய்யவில்லை. நீதிபதியின் உத்தரவை நான்தான் எழுதினேன். வீட்டைவிட்டு இறங்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அந்தச் சட்டத்தை இயற்றியது நான். பெர்னடீன் பிழைத்திருக்கக் கூடிய இருபத்தொன்பது மணி நேரம் என் கையில் இருந்தது. அதை நான் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். நான் இல்லாவிட்டால் தீர்ப்பு வந்த முதல் மாதமே அவர்கள் நடுங்கிப்போயிருப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

எமில் இப்போது மார்சியின் வீட்டில் இருக்கிறார் என்றும், வாசலைத் தாண்ட மறுக்கிறார் என்றும், அதனால் அவருடைய வாக்குமூலத்தை உங்களால் வாங்க முடியவில்லை என்றும் சொன்னீர்கள். அதற்கு நான் உதவ முடியும். இனி வெளியே போகலாம் என்று இரண்டு வரி எழுதித் தருகிறேன். என் அலுவலகத் தாளில், வக்கீல் என்று போட்டுக் கையெழுத்திட்டால்தான் அவர் கேட்பார். உரிமம் ரத்தானது எனக்கு நினைவிருக்கிறது. இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிக் கொடுங்கள். அவர் இன்னும் என் கட்சிக்காரர்தானே, நான் பார்த்துக்கொள்ளாமல் வேறு யார் பார்த்துக்கொள்வார்கள்.